உதவிப் பேராசிரியர் நேர்காணலில் எதைப் பார்க்க வேண்டும்?

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம். புதுச்சேரிப் பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறைத் தலைவராகச் சென்ற ஜூன் மாதம் பொறுப்பேற்றேன். வெகுநாள் காலியாகக் கிடந்த ஓர் உதவிப் பேராசிரியர் பணியிடத்துக்கு இப்போது நேர்காணல் நடக்கவிருக்கிறது. நவீன இந்திய வரலாறு என்று விளம்பரத்தில் கேட்டிருந்தோம். அழைக்கப்பட்டவர்களுள் மூவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதலாமவர் மதிப்பெண் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர். பதினான்கு ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார். இரண்டாமவர் எங்கள் துறையில் ஒன்பது ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளர்; என் நெறியாள்கையில் முனைவர் பட்டம் பெற்றவர்; மாணவர்கள் அவர்மீது உயிரையே வைத்திருக்கிறார்கள். மூன்றாமவர் கடலூரைச் சேர்ந்த இளம்பெண். புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களைப் பற்றி ஆய்வு செய்தவர், பிரெஞ்சு படிப்பார், கட்டுரைகள் இரண்டே இரண்டு, ஆங்கிலத்தில் பேசத் தடுமாறுவார் என்கிறார்கள். பட்டியலில் முதலில் இருப்பவரை எடுத்துவிட்டால் ஒரு வம்பும் இல்லை என்கிறது அலுவலகம். ஒன்பது ஆண்டு உழைப்புக்கு என்ன மரியாதை என்று கேட்கிறது துறை. நான் எப்படி எடைபோட வேண்டும்? பெயரும் நிறுவனமும் வெளியிட வேண்டாம்.

பதில்:

மதிப்பிற்குரிய அம்மையீருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு வருவதற்கு முன், கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டாமவரைப் பற்றி எழுதும்போது, "என் நெறியாள்கையில் முனைவர் பட்டம் பெற்றவர்" என்று அரை வரி எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டீர்கள். என்னை நிறுத்தியது அந்த அரை வரிதான். ஒருவருடைய ஆய்வேட்டை அத்தியாயம் அத்தியாயமாகத் திருத்திக் கொடுத்து, வாய்மொழித் தேர்வு அன்று அவரைவிட அதிகமாகப் படபடத்து, பட்டம் வந்த நாளில் அவர் வீட்டு இனிப்பையும் வாங்கி உண்ட ஒரு நெறியாளர், அதே மனிதரின் நேர்காணலில் மதிப்பெண் போடும் நாற்காலியில் உட்காரக் கூடாது. உங்கள் நேர்மையில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை. இருந்தாலும் அவர் தேர்வானால் ஆள் பார்த்துப் போட்டதாகப் பேசுவார்கள். தேர்வாகாவிட்டால், நடுநிலையாளர் என்று பெயரெடுப்பதற்காகவே அவரைக் கைவிட்டோமோ என்ற எண்ணம் உங்களையே பல ஆண்டுகள் அரித்துக்கொண்டிருக்கும்.

அவருடைய முறை வரும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. உச்ச நீதிமன்றம் 1969இல் தீர்ப்பளித்த கிரைபக் வழக்கு இதே சிக்கலைப் பற்றியதுதான். ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த குழுவில் இருந்த அதிகாரி ஒருவர், அந்தப் பணிக்குத் தாமும் ஒரு போட்டியாளராக இருந்தார். தம் பெயர் பரிசீலிக்கப்பட்டபோது அவர் குழுவில் அமரவில்லை. ஆனால் தம்மோடு போட்டியிட்டவர்களின் பெயர்கள் வந்தபோது அமர்ந்திருந்தார். அந்தத் தேர்வே செல்லாது என்றது நீதிமன்றம். உங்கள் நிலை அவருடையதைப் போல அவ்வளவு கடுமையானது அன்று. நீங்கள் போட்டியாளர் இல்லை. ஆனால் ஒருவரோடு நெருக்கமாக இருப்பவர் மற்றவர்களை மதிப்பிடும்போதும் தராசில் அந்த நெருக்கம் இருக்கும் என்ற நியாயம் இங்கும் பொருந்தும்.

ஆகவே, இந்த வாரமே துணைவேந்தருக்கும் பதிவாளருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். இன்னார் என்னிடம் ஆய்வு செய்தவர், எனவே இந்தப் பணியிடத்துக்கான தேர்வுக் குழுவின் எந்த அமர்விலும் நான் பங்கேற்கவில்லை என்ற இரண்டு வரிகள் போதும். அதனால் நேர்காணல் நின்றுவிடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியர் தேர்வுக் குழுவில் துணைவேந்தர் அல்லது அவருடைய பிரதிநிதி, வேந்தரோ பார்வையாளரோ (மத்தியப் பல்கலைக்கழகங்களில் குடியரசுத் தலைவர் வகிக்கும் 'விசிட்டர்' பொறுப்பு) நியமிக்கும் கல்வியாளர் ஒருவர், பாட வல்லுநர்கள் மூவர், புலத்தலைவர், துறைத்தலைவர் ஆகியோர் இருப்பார்கள். விண்ணப்பதாரர்களின் பிரிவுகளைப் பொறுத்து அப்பிரிவுகளின் சார்பாகவும் ஒருவர் சேர்க்கப்படுவார். நான்கு பேர் இருந்தால் குழு கூடலாம். அவர்களுள் வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர்கள் இருவராவது இருக்க வேண்டும். நீங்கள் இல்லாமலே கணக்கு நிறைந்துவிடும்.

அப்படியானால் என் பதில் இங்கேயே முடிந்திருக்க வேண்டும் என்று தோன்றும். முடியவில்லை. வெளியூர் வல்லுநர்கள் காலையில் வந்து மாலையில் போகிறவர்கள். உங்கள் துறையில் என்ன நடக்கிறது, மாணவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், யார் வந்தால் அவர்களுக்குப் பயன் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. இதை ஒரு குறிப்பாக எழுதிக் கொடுப்பது துறையின் கடமை. அந்தக் குறிப்பில் எந்த விண்ணப்பதாரரின் பெயரும் சாயலும் இருக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒன்றுபோல் பொருந்த வேண்டும். துறைக் கூட்டத்தில் எல்லா ஆசிரியர்களும் படித்து ஒப்புக்கொண்டபின் பதிவாளர் வழியாகக் குழுவுக்குப் போக வேண்டும். கீழே நான் சொல்வதை அந்தக் குறிப்புக்கான சரக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மதிப்பெண் பட்டியல். அலுவலகம் சொல்வது தவறு. விதியே வேறு விதமாகச் சொல்கிறது. பல்கலைக்கழகங்களுக்கான அட்டவணையில் இளங்கலைக்கு அதிகபட்சம் 15, முதுகலைக்கு 25, முனைவர் பட்டத்துக்கு 30, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகையுடன் நெட் தேர்ச்சிக்கு 7, ஆய்வுக் கட்டுரைகளுக்கு 10, கற்பித்தல் அனுபவத்துக்கு 10, விருதுகளுக்கு 3 என்று நூறு மதிப்பெண் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்த மதிப்பெண் யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்பதை முடிவு செய்ய மட்டுமே பயன்பட வேண்டும் என்றும், தேர்வு நேர்காணலில் அவர்கள் காட்டும் திறனை மட்டுமே கொண்டு அமைய வேண்டும் என்றும் அதே விதிமுறைகள் வெளிப்படையாகக் கூறுகின்றன. வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தபின் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முதலிடக்காரரை எடுத்தால் வம்பு இல்லை என்று நினைத்து, நேர்காணலை ஒரு சடங்காக நடத்தி முடிப்பதுதான் பின்னால் வம்பில் கொண்டு போய் விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கட்டுரைக்கு இரண்டு மதிப்பெண், மொத்தம் பத்துக்கு மேல் இல்லை. அதாவது ஐந்து கட்டுரைகளோடு கணக்கு நின்றுவிடுகிறது. பதினான்கு எழுதியவருக்கும் ஐந்து எழுதியவருக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே மதிப்பெண்தான். அனுபவமும் அப்படியே: ஆண்டுக்கு இரண்டு வீதம் ஐந்து ஆண்டுகளோடு உச்சவரம்பு வந்துவிடுகிறது. விதியை வகுத்தவர்களே எண்ணிக்கைக்கு ஓர் எல்லை கட்டியிருக்கும்போது, நாம் அந்த எல்லையைத் தாண்டி எண்ணிக்கைக்கு மயங்கக் கூடாது.

நான் மயங்கியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் உங்களுக்கு ஆலோசனை கூறுவது முறையாகாது. பல ஆண்டுகளுக்கு முன், இந்த மாவட்டத்துக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் பாட வல்லுநராக நேர்காணலுக்குப் போயிருந்தேன். ஒருவருடைய வெளியீட்டுப் பட்டியல் நான்கு பக்கம் நீண்டிருந்தது. பட்டியலைப் புரட்டினேனே தவிர, கட்டுரை ஒன்றைக்கூடத் திறந்து படிக்கவில்லை. கேள்விகளுக்குத் தடையின்றிப் பதில் சொன்னார். அவருக்கே மதிப்பெண் போட்டேன். மூன்று ஆண்டுகள் கழித்து அதே துறைக்கு முதுகலைத் திட்டக் கட்டுரைகளின் வாய்மொழித் தேர்வு நடத்தப் போனேன். ஒரு மாணவி தம் ஊர் ஏரிப் பாசனத்தைப் பற்றித் தொண்ணூறு பக்கம் எழுதியிருந்தார். அடிக்குறிப்புகளில் பாடநூல்களும் இணையக் கட்டுரைகளும் மட்டுமே இருந்தன. ஊர்க் கணக்கு, நிலவரி விதித்த செட்டில்மெண்ட் பதிவேடு ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் எங்கே இருக்கும் சார்?" என்று அந்தப் பெண் உண்மையான ஆவலோடு என்னைக் கேட்டார். அவருடைய நெறியாளர், நான் மதிப்பெண் போட்டு எடுத்த அதே மனிதர். அன்று இரவு விடுதி அறையில் அவருடைய பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். மூன்று தலைப்புகளில் வந்திருந்தது ஒரே கட்டுரை. அந்தப் பெண்ணின் கேள்விக்கு நானும் பொறுப்பு என்ற உணர்வு இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

அதற்காக உங்கள் முதலாமவரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பதினான்கும் நல்ல கட்டுரைகளாகவே இருக்கலாம். படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அழைக்கப்பட்ட ஒவ்வொருவரிடமும், நீங்கள் எழுதியவற்றுள் மிகச் சிறந்தவை என்று நீங்களே கருதும் இரண்டை அனுப்புங்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டே கட்டுரை எழுதியவரும் அப்போது குறைந்தவராகத் தெரிய மாட்டார். ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா இணையக் களஞ்சியம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை அங்கே யாரும் திறந்து பார்க்கலாம். வல்லுநர்கள் முழு ஆய்வேட்டையும் படிக்க வேண்டியதில்லை. நடு அத்தியாயம் ஒன்றைத் திறந்து அடிக்குறிப்புகளை மட்டும் பார்த்தால் போதும். அரசாணை எண்ணும் தேதியும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் தொகுதி எண்ணும் வருகின்றனவா, அல்லது அடுத்தவர் புத்தகத்தில் இருந்த அடிக்குறிப்பு அப்படியே இடம்பெயர்ந்து வந்திருக்கிறதா என்பது கால் மணி நேரத்தில் விளங்கிவிடும். இதழ் எந்தப் பட்டியலில் இருந்தது என்பதைக் கொண்டு இனித் தரம் பார்க்கவும் முடியாது. ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று யுஜிசி வெளியிட்டுவந்த கேர் பட்டியலை அதுவே 2025இல் கைவிட்டுவிட்டது. படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இப்போது நேர்காணல். நான் சொல்ல வந்ததில் எனக்கு மிக முக்கியமானது இதுதான். பெரும்பாலான நேர்காணல்களில் தகவலைக் கேட்கிறோம்: ஆண்டு என்ன, ஒப்பந்தம் எது, எந்த அறிஞர் என்ன சொன்னார். இதையெல்லாம் நெட் தேர்வு கொள்குறி வினாக்களில் ஏற்கெனவே கேட்டு முடித்துவிட்டது. வரலாற்று ஆசிரியரிடம் நாம் பார்க்க வேண்டியது, முன்பின் பார்த்திராத ஒரு சான்று கைக்கு வந்தால் அவர் அதனிடம் என்ன கேட்கிறார் என்பது. அந்தப் பழக்கம் உள்ளவரிடம் படிக்கும் மாணவருக்குத்தான் அந்தப் பழக்கம் தொற்றும்.

ஏரிப் பாசனப் பெண்ணுக்குப் பிறகு நான் அமர்ந்த நேர்காணல்களில், குழுவின் ஒப்புதலோடு, விண்ணப்பதாரர் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு தாளைக் கொடுக்கத் தொடங்கினேன். ஒருமுறை கொடுத்தது, புதுவையில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு பக்க நகல். நூற்பெயர், பக்க எண், தலைப்பு எல்லாவற்றையும் மறைத்திருந்தேன். "அட்சய வருஷம் புரட்டாசி" என்ற நாளும், பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப்பட்டணத்தைப் பிடித்ததை ஒட்டிய பேச்சும் மட்டும் அதில் இருந்தன. பத்து நிமிடம் அவகாசம். முதலில் வந்தவர் ஒருவர் தாளை ஒரு முறை பார்த்துவிட்டு, இது ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, 1736 முதல் 1761 வரை எழுதப்பட்டது, ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வந்திருக்கிறது என்று கூறிவிட்டு நிறுத்திக்கொண்டார். எல்லாம் சரியான தகவல். தாளை மறுபடி அவர் பார்க்கவே இல்லை.

அடுத்து வந்த பெண், இதை யார் எழுதியது என்று உறுதியாகத் தெரியவில்லை என்றுதான் தொடங்கினார். பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அட்சய என்பது அறுபது ஆண்டுச் சுற்றில் கடைசி ஆண்டு. அண்மையில் வந்தது 1986. அப்படியே அறுபது அறுபதாகப் பின்னால் போனால் 1926, 1866, 1806, 1746, 1686 என்று வரும் என்றார். பட்டணத்தைப் பிடிக்கும் வலிமையோடு பிரெஞ்சுக்காரர்கள் இருப்பதால் 1806 ஆக இருக்க முடியாது, அப்போது புதுவையே 1803 முதல் ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1686இல் அவர்களுக்கு அந்த வலிமை இல்லை. ஆகவே இது 1746, துய்ப்ளேக்ஸ் ஆளுநராக இருந்த காலம் என்று முடித்தார். அதோடு நிற்காமல், இந்தச் செய்தியை எழுதியவர் நேரில் பார்த்தாரா, கடிதத்தில் படித்தாரா, துறைமுகத்தில் யாரோ சொல்லக் கேட்டாரா என்று தாளிலேயே தேடினார். "கேட்டேன்" என்ற பொருளில் வரும் சொல்லில் விரலை வைத்து, இவர் புதுவையில் இருந்துகொண்டு எழுதுகிறார், அதனால் பட்டணத்தில் நடந்ததற்கு இது இரண்டாம் கை, ஆனால் அந்தச் செய்தி வந்தபோது புதுவையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு இது முதல் கை என்றார். குழுவில் இருந்த நாங்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். நான் ஓய்வு பெறும்வரை கேட்ட பதில்களில் அதைவிட நல்ல பதில் ஒன்று எனக்கு நினைவில்லை. ஒரே சான்று ஒன்றுக்கு இரண்டாம் கையாகவும் இன்னொன்றுக்கு முதல் கையாகவும் இருக்கும் என்பதை எந்தக் கொள்குறி வினாவும் கேட்டு வாங்க முடியாது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் ஊரில், நம் மொழியில் எழுதப்பட்ட அந்த நாட்குறிப்பை நம் வரலாற்று மாணவர்களில் பலர் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே அறிந்திருக்கிறார்கள். தமிழ்ப் பக்கத்தைக் கையில் கொடுத்தால் வருஷப் பெயரிலேயே நின்றுவிடுகிறார்கள். புதுவையிலோ கடலூரிலோ வரலாறு கற்பிக்க வருகிறவர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம் என்று நான் கருதவில்லை.

எந்தத் தாளைக் கொடுப்பது என்பதை வெளி வல்லுநர்களே அன்று காலையில் முடிவு செய்யட்டும். துறையில் யாருக்கும் முன்கூட்டித் தெரியக் கூடாது. நாட்குறிப்புப் பக்கம்தான் வேண்டும் என்பதில்லை. நவீன இந்தியா என்று விளம்பரம் செய்திருப்பதால் ஒரு மாவட்ட ஆட்சியரின் கடிதம், ஒரு மனு, ஒரு செய்தித்தாள் துணுக்கு எதுவும் பொருந்தும். மூன்றாமவரின் ஆய்வுக்கு நெருக்கமான பிரெஞ்சு ஆவணமும் வேண்டாம், முதலாமவர் கட்டுரை எழுதிய பொருளும் வேண்டாம். எல்லாருக்கும் சமமாகப் புதிதாக இருப்பது முக்கியம்.

அடுத்தது மாதிரி வகுப்பு. கற்பிக்கும் திறனையும் ஆய்வு நாட்டத்தையும் நேர்காணல் கட்டத்தில் கருத்தரங்கு உரையாகவோ வகுப்பறைச் சூழலில் விரிவுரையாகவோ மதிப்பிடலாம் என்று யுஜிசி விதிமுறைகளே இடம் தருகின்றன. இடம் இருந்தும் பலர் செய்வதில்லை, நேரம் இல்லை என்பார்கள். ஓர் ஆளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கி, முதுகலை மாணவர்கள் பத்துப் பதினைந்து பேரை உண்மையாகவே உட்கார வைத்து நடத்தச் சொல்லுங்கள். இரண்டாமவரை அவர்கள் ஒன்பது ஆண்டுகளாக அறிவார்கள் என்பதால் வேறு துறை மாணவர்களை அமர்த்துவது நல்லது.

தலைப்பு எளிதாக இருக்கட்டும். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த எல்லைவரை உள்ள ஊர்கள் கம்பெனிக்குச் சொந்தம் என்று முடிவான கதை உங்களுக்குத் தெரியும். அந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றே அழைத்தார்கள். ஒருவர் இதை ஆண்டு, பெயர், விலை என்று கரும்பலகையில் வரிசையாக எழுதுவார். இன்னொருவர், எந்தப் பீரங்கியை வைத்துச் சுட்டிருப்பார்கள், எந்தப் பக்கம் திருப்பியிருப்பார்கள், எல்லைக்கு உள்ளே விழுந்த ஊர்க்காரனை யாராவது கேட்டார்களா என்று மாணவர்களிடம் கேட்டு, அவர்கள் பேசுவதற்காகக் காத்திருப்பார். வகுப்பு முடிந்ததும் எத்தனை மாணவர்கள் கேள்வி கேட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆசிரியர் எவ்வளவு பேசினார் என்பதைக் காட்டிலும் அது அதிகம் காட்டிக்கொடுக்கும்.

இவற்றையெல்லாம் நேர்காணல் தொடங்கியபின் புகுத்தக் கூடாது. ஆட்டம் தொடங்கியபின் விதியை மாற்ற முடியாது என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் மீண்டும் உறுதி செய்திருக்கிறது. சான்று வாசிப்பு உண்டு, மாதிரி வகுப்பு உண்டு, ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பெண் என்பதை, உங்கள் பல்கலைக்கழக விதிகளும் விளம்பரமும் இடம் தருகின்றனவா என்று பதிவாளர் அலுவலகத்தில் சரிபார்த்து, நேர்காணலுக்கு முன்பே எல்லாருக்கும் எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் இந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு உரியது என்பது விளம்பரத்தோடு முடிந்த செய்தி. அதைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை.

மூன்றாமவரின் ஆங்கிலத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். "என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னார்கள் என்று எழுதவில்லை. வாக்கியம் தடுமாறுவதும் சிந்தனை தடுமாறுவதும் வேறு வேறு. உங்கள் முதுகலை வகுப்புக்கு விருத்தாசலத்திலிருந்தும் பாகூரிலிருந்தும் தமிழ்வழியில் படித்து வருகிற பிள்ளைகளுக்கு இரு மொழியிலும் விளக்கத் தெரிந்த ஆசிரியர் தேவை என்பது துறைக் குறிப்பில் இடம்பெறட்டும். விண்ணப்பதாரர் விரும்பினால் கேள்வியைத் தமிழிலும் விளக்கலாம் என்று எல்லாருக்கும் பொதுவாக அறிவித்துவிட்டால், ஒருவருக்கு மட்டும் சலுகை தந்ததாகவும் ஆகாது.

அதே சமயம் அந்தப் பெண்ணிடம் நம் மனம் சாய்வதற்கு நம் ஊர்ப் பாசமும் ஒரு காரணம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் சாய்கிறது. 1860இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு நம் கரையிலிருந்து கப்பலேறிய குடும்பங்களைப் பற்றிப் பிரெஞ்சு ஆவணங்களைக் கொண்டே ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது? ஆனால் உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாக வகுப்பெடுக்க வேண்டும் என்கிறது விதிமுறை. ரெயூனியனைப் பற்றி ஒரு பருவத்தில் நான்கு வகுப்பு எடுக்கலாம். மீதி நேரம் வங்காளத்து நிரந்தர நிலவரித் திட்டத்தையும் ரயத்துவாரி நிலவரி முறையையும் தேசிய இயக்கத்தையும் நடத்தியாக வேண்டும். தம் ஆய்வுக்கு வெளியே உள்ள ஒரு பாடத்தாளுக்கு முதல் இரண்டு வாரப் பாடத்திட்டத்தை எழுதி வரும்படி எல்லாரிடமும் கேட்கலாம். அதில் எந்தெந்தச் சான்றுகளை வகுப்புக்குக் கொண்டுவருவார், அரிக்கமேட்டுக்கோ இங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவண மையத்துக்கோ மாணவர்களை எப்போது அழைத்துப் போவார் என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள். அரியாங்குப்பத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அரிக்கமேடு இருந்தும், அதைப் பாடநூல் படத்தில் மட்டும் பார்த்துப் பட்டம் வாங்கிய மாணவர்களை நான் அறிவேன்.

இரண்டாமவரைப் பற்றிக் கடைசியாக எழுதுகிறேன். காரணம், அவரைப் பற்றி எழுதுவதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. நிரந்தரப் பணியாளர் செய்கிற அத்தனை வேலையையும், அவர் வாங்கும் சம்பளத்தில் ஒரு சிறு பங்குக்கு, ஒவ்வோர் ஆண்டும் ஆணை புதுப்பிக்கப்படுமா என்ற கவலையோடு ஒன்பது ஆண்டுகள் செய்தவர் அவர். அந்தக் காலியிடத்தை அத்தனை ஆண்டுகள் நிரப்பாமல் வைத்திருந்தது அவருடைய குற்றம் அன்று. ஆனால் தற்காலிகப் பணியில் எத்தனை ஆண்டு இருந்தாலும் அதனாலேயே நிரந்தரப் பணிக்கு உரிமை வந்துவிடாது என்று உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் கூறிவிட்டது. துறைக்காரர்கள் கேட்கும் மரியாதையை நேர்காணலின் முடிவுக்குள் திணிக்க முடியாது. திணித்தால் வெளியிலிருந்து நம்பி விண்ணப்பித்தவர்களை ஏமாற்றியதாகும். ஒன்பது ஆண்டு வகுப்பறை அவருக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கிறது என்பது அந்த இருபது நிமிட மாதிரி வகுப்பில் யாருடைய சிபாரிசும் இல்லாமல் தானே தெரியும். மாணவர்கள் அவர்மீது உயிரை வைத்திருப்பது உண்மையென்றால், முன்பின் தெரியாத மாணவர்களும் பதினைந்தாவது நிமிடத்தில் அவர்பக்கம் திரும்பியிருப்பார்கள்.

துறையில் யாரும் அவரிடம் "உங்களுக்குத்தான் சார், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்பினால் சொல்கிற சொல்தான் அது. அதை நம்பி ஒருவர் தயாரிப்பில்லாமல் நேர்காணலுக்கு வந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். மாறாக, நீங்கள் குழுவிலிருந்து விலகிவிட்டீர்கள் என்பதையும் அதற்கான காரணத்தையும் நீங்களே அவரிடம் முதலில் சொல்லுங்கள். வேறு யார் வாயிலாகவும் அது அவர் காதுக்குப் போகக் கூடாது. அவருக்கு முதலில் வருத்தமாகத்தான் இருக்கும். தமக்காகப் பேச அறையில் ஒருவர் இருப்பார் என்று நினைத்திருப்பார்.

குழுவிலிருந்து விலகியபின்னும், துறைத்தலைவர் என்ற முறையில் நீங்கள் அவருக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் செய்வதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்காது. ஒன்பது ஆண்டுகளில் எந்தெந்தப் பருவத்தில் எந்தெந்தத் தாள்களை நடத்தினார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேர்வுக் குழுவின் வழியாக நியமிக்கப்பட்டார், மாதம் என்ன ஊதியம் பெற்றார் என்பதையெல்லாம் தேதிவாரியாக எழுதிய பணிச் சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது, "இன்னார் இங்கே பணிபுரிந்தார்" என்ற ஒற்றை வரிச் சான்றிதழைத்தான் நம் அலுவலகங்கள் கொடுக்கின்றன. தற்காலிகப் பணியைக் கணக்கில் எடுக்கும்போது நியமன முறையையும் ஊதியத்தையும் கேட்கிறார்கள். இந்த விவரம் இல்லாமல் வேறு எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவருடைய ஒன்பது ஆண்டுகள் கணக்கில் ஏறாமல் போகலாம். பழைய கால அட்டவணைகளும் நியமன ஆணைகளும் உங்கள் அறை அலமாரியில்தான் இருக்கும். நேர்காணல் முடிவு வரும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே அவற்றை எடுத்து வைத்து எழுதி, பதிவாளரின் மேலொப்பமும் வாங்கி, அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.